சீடு அதே, எண் மட்டும் வேற: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்களுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதில் ஒரே புகார் வெவ்வேறு வாயிலிருந்து திரும்பத் திரும்ப வரும். "ஏனுங்ணா, போன வாரம் வந்த லிஸ்ட் இப்ப வரமாட்டேங்குதுங்க. சீடு அதே நம்பர்தானுங்க போட்டிருக்கு."

ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த 400 பெட்டியில் எந்த 20 பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது என்று கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் (ரேண்டமாக) தேர்ந்தெடுத்துக் கொடுத்த பட்டியல் அது. சீடு என்பது அந்தக் குலுக்கலைத் தொடங்கி வைக்க நாம் கொடுக்கும் எண். அதே சீடு கொடுத்தால் அதே எண்கள் அதே வரிசையில் வர வேண்டும். பையர் அனுப்பிய ஆய்வாளர், "இதே பட்டியலை என் கண் முன்னாடி இன்னொரு தடவை எடுத்துக் காட்டுங்க" என்று கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. அப்போது வேறு பட்டியல் வந்து நின்றால், நல்ல பெட்டியாகப் பார்த்துக் கையால் பொறுக்கினார்கள் என்ற பேச்சு வரும். ராத்திரி பகலாக ஒழுங்காக வேலை பார்த்த பேக்கிங் செக்‌ஷன் ஆட்களுக்கு அந்தப் பேச்சு வரக் கூடாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கணக்கு விளக்கம் எதற்குள்ளும் போகவில்லை. ஒரே ஒரு உதாரணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வருவதற்கு முன் டவுன் பஸ் கண்டக்டர் கையில் டிக்கெட் கட்டு இருக்கும். எந்தக் கட்டு என்பது சீடு. அந்தக் கட்டில் எந்த டிக்கெட் வரை கிழித்தாகிவிட்டது என்பது ஸ்டேட். ஒவ்வொரு ஸ்டேஜிலும் கண்டக்டர் எழுதி வைத்தது இரண்டாவதைத்தான். நம்மில் பலர் முதலாவதை மட்டும் எழுதி வைக்கிறோம். கீழே வரும் கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அதிகம் பேசுவது பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் பற்றி. இங்கே என்னிடம் வரும் வேலை பெரும்பாலும் அதில்தான்.

## எதையும் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

உங்கள் புரோகிராமை மூடிவிட்டு வெறும் பைத்தானைத் திறங்கள். ரேண்டம் லைப்ரரியில் சீடு 42 போட்டு, ரேண்டம்.ரேண்டம் என்று மூன்று முறை கேளுங்கள். இப்படி வர வேண்டும்:

0.6394267984578837
0.025010755222666936
0.27502931836911926

நம்பை என்ற பைத்தான் கணக்கு லைப்ரரியில் பழைய முறைப்படி சீடு 42 போட்டு ஒரு எண் கேட்டால் 0.3745401188473625 வர வேண்டும். சி++ ஆள் என்றால், எம்டி19937 என்ற எண் எஞ்சினில் சீடு எதுவும் கொடுக்காமல் எடுத்தால் 10,000-ஆவது எண் 4123659995. இது அந்த மொழியின் தர ஆவணத்திலேயே எழுதியிருக்கும் எண். எந்தக் கம்பைலரிலும் மாறாது.

இவை பொருந்தினால் எண் உற்பத்தி செய்யும் எஞ்சின் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் புரோகிராமில் இருக்கிறது என்று அர்த்தம். என் அனுபவத்தில் இவை பொருந்தாமல் போனதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்துவிட்டுத்தான் மேலே போவேன். "லைப்ரரியில ஏதோ பக்" என்ற சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிட்டால் அரை நாள் மிச்சம்.

## அறிகுறி 1: சீடு போட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு முடிவு

### முதல் எண்ணிலிருந்தே வேறாக இருக்கிறதா?

அப்படியென்றால் சீடு போய்ச் சேரவில்லை. காசு செலவில்லாத காரணங்களிலிருந்து பாருங்கள்.

சீடு போடும் வரிக்கு அடுத்த வரியில் சீடின் மதிப்பைப் பிரிண்ட் செய்யுங்கள். செட்டிங்ஸ் ஃபைலில் அந்த இடம் காலியாக இருந்தால் பைத்தானுக்குப் போவது 'நன்', அதாவது ஒன்றுமில்லை. 'நன்' என்று வந்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு ஒவ்வொரு முறையும் புது சீடு எடுத்துக்கொள்ளும், பிழைச் செய்தி எதுவும் வராது. 42 என்ற எண்ணும், மேற்கோளுக்குள் இருக்கும் "42" என்ற எழுத்தும் பைத்தானுக்கு வெவ்வேறு சீடு என்பதையும் இங்கேயே கவனியுங்கள். ஃபைலிலிருந்து படித்தால் எழுத்தாகவும் கையால் அடித்தால் எண்ணாகவும் போய்ச் சேரும்.

அடுத்து, எத்தனை கண்டக்டர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பைத்தானின் ரேண்டம் ஒரு கட்டு, நம்பை இன்னொரு கட்டு, மாடல் பழக்கும் லைப்ரரியான பைடார்ச் மூன்றாவது. ஒன்றுக்குப் போட்ட சீடு மற்றதைத் தொடாது. நம்பைக்குள்ளேயே இரண்டு உண்டு: பழைய பொதுக் கட்டு ஒன்று, 2019-இல் 1.17 வெர்ஷனில் வந்த டீஃபால்ட்-ஆர்என்ஜி என்ற புதிய வழி ஒன்று. பழைய முறையில் சீடு போட்டுவிட்டு, எண்ணைப் புதிய வழியில் அடைப்புக்குறிக்குள் எதுவும் கொடுக்காமல் எடுத்தால் அந்த சீடுக்கு வேலையே இல்லை. புரோகிராமில் ரேண்டம் என்ற சொல்லைத் தேடி, வரும் வரிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதினால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

### முதலில் சில எண்கள் சரியாக வந்து, நடுவில் மாறுகிறதா?

நடுவில் யாரோ ஒரு டிக்கெட்டைக் கிழித்திருக்கிறார். ஒரு பனியன் கம்பெனியில் நான் பார்த்தது இது. சரியாக இருந்த ஓட்டத்திலும் கெட்ட ஓட்டத்திலும் பெட்டி தேர்வுக்கு முன்னால் எண்களைப் பிரிண்ட் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நல்ல ஓட்டம்: 0.639, 0.025, 0.275, 0.223, 0.736
கெட்ட ஓட்டம்: 0.025, 0.275, 0.223, 0.736, 0.676

அப்படியே ஒரு படி நகர்ந்திருக்கிறது. முந்தின வாரம்தான் ரிப்போர்ட் தலைப்பில் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தவர் அதையும் இதே ரேண்டமிலிருந்து எடுத்திருந்தார். தலைப்பு முதலில் அச்சாவதால் முதல் எண் அதற்குப் போய்விட்டது. சீடு போட்டவுடனே பார்த்திருந்தால் 0.639 சரியாகவே வந்திருக்கும். இருபது பெட்டியும் மாறிவிட்டன.

இங்கே ஒரு நுணுக்கம். நகர்வு இவ்வளவு அழகாகத் தெரிந்தது, நடுவில் எடுத்ததும் ரேண்டம்.ரேண்டம் வழியாகவே எடுத்த தசம எண் என்பதால். பைத்தான் ஒரு தசம எண்ணுக்கு 32 பிட் துண்டு இரண்டைச் செலவழிக்கிறது. சின்ன முழு எண்ணுக்குப் பெரும்பாலும் ஒரே துண்டுதான். நடுவில் ஒருவர் ரேண்ட்இன்ட் கூப்பிட்டிருந்தால் அதற்குப் பின் துண்டுகள் தப்பாக ஜோடி சேர்ந்து, எல்லாமே சம்பந்தமில்லாத எண்களாகத் தெரியும். அந்தச் சந்தேகம் வந்தால் தசம எண்ணைப் பார்க்காதீர்கள். கெட்ரேண்ட்பிட்ஸ் 32 என்று கேட்டு மூலத் துண்டுகளை இரண்டு ஓட்டத்திலும் இருபது இருபதாக எடுத்துப் பாருங்கள். நகர்வு அதில் தெரிந்துவிடும்.

சரிசெய்யும் வழி: ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கட்டு. பெட்டி தேர்வுக்கு ரேண்டம்.ரேண்டம் என்ற வகுப்பிலிருந்து, பெரிய 'ஆர்' போட்டு, தனிப் பொருள் ஒன்றை உண்டாக்கி அதற்கு மட்டும் சீடு கொடுங்கள். ரிப்போர்ட் தலைப்பு தன் இஷ்டத்துக்குப் பொதுக் கட்டில் எடுத்துக்கொள்ளட்டும். புதிதாக எழுதும் எந்தப் புரோகிராமிலும் நான் பொதுக் கட்டைத் தொடுவதே இல்லை. பழையதை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் அதோடு தொல்லை தீரும்.

### எண்கள் எல்லாம் ஒன்றே, பட்டியல் மட்டும் வேறா?

இதுதான் ஆளை அலைக்கழிப்பது. சீடு சரி, மூல எண்கள் கடைசி இலக்கம் வரை சரி, ஆனால் வரும் பெட்டி வேறு. எண்ணைப் பார்க்காதீர்கள், எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

பெட்டி எண்களில் இரட்டிப்பு வந்துவிடக் கூடாது என்று அவற்றை ஒரு 'செட்'டில் போட்டு, பிறகு லிஸ்டாக மாற்றியிருப்பார்கள். பைத்தான் 3.3-லிருந்து எழுத்துகளின் ஹேஷ் மதிப்பு (செட்டுக்குள் எது எந்த இடத்தில் உட்காரும் என்று தீர்மானிக்கும் எண்) ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும்படி செய்துவிட்டார்கள், பாதுகாப்புக்காகச் செய்தது. அதனால் 'சிடிஎன்-017' போன்ற பெயர்கள் நிறைந்த செட் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வரிசையில் கொட்டும். "ஏழாவது பெட்டியை எடு" என்று எண் சரியாகச் சொல்கிறது, ஏழாவது இடத்தில் இருக்கும் பெட்டிதான் மாறிவிட்டது. வெறும் 17, 18 என்று முழு எண்களைப் போட்டுச் சோதித்தால் கோளாறு தெரியவே தெரியாது, ஏனென்றால் முழு எண்ணின் ஹேஷ் மாறுவதில்லை. ஆபீசில் சோதித்தபோது எல்லாம் நன்றாக ஓடி, கம்பெனியில் போய்ப் பல்லிளித்த சம்பவம் எனக்கு இப்படித்தான் நடந்தது.

மருந்து ஒரே சொல்: சார்டட். தேர்ந்தெடுப்பதற்கு முன் எதுவாக இருந்தாலும் வரிசைப்படுத்துங்கள். ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் பட்டியலும் இப்படித்தான், ஆபரேட்டிங் சிஸ்டம் எந்த வரிசையில் வேண்டுமானாலும் தரும். ஆர்டர் பை போடாத டேட்டாபேஸ் கேள்வியும் அப்படியே. பைத்தான்ஹேஷ்சீடு என்ற சூழல் மாறியை 0 ஆக்கியும் பார்க்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிரந்தரத் தீர்வாக வைக்காதீர்கள். அடுத்த மெஷினில் அதைப் போட மறந்துவிடுவார்கள்.

### த்ரெட்டும் ஜிபியுவும்

பல த்ரெட்டுகள் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்) ஒரே கட்டில் கை வைத்தால் யார் முதலில் கிழிப்பது என்பதை ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு செய்கிறது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கட்டு கொடுங்கள்.

ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் சிப்பில்) நூல் குறை கண்டுபிடிக்கும் மாடல் பழக்குபவர்களுக்கு: முதல் சுற்றின் எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்து, மாடல் எவ்வளவு தப்பு செய்கிறது என்று காட்டும் 'லாஸ்' எண்ணில் ஆறாவது ஏழாவது தசம இடம் மட்டும் மாறினால், அது ரேண்டம் பிரச்சினை இல்லை. கூட்டல் வரிசை மாறினால் தசம எண்களில் கடைசி இலக்கம் மாறும். பைடார்ச்சில் யூஸ்-டிடர்மினிஸ்டிக்-அல்காரிதம்ஸ் என்பதைப் போட்டுப் பாருங்கள். வேகம் குறையும், சில கட்டளைகள் ஓடவே மாட்டேன் என்று பிழை காட்டும். அதற்கு மேலும் மாறினால் ஜிபியு தெரிந்த ஆளைக் கூப்பிடும் இடம் வந்துவிட்டது.

## அறிகுறி 2: எப்போது ஓட்டினாலும் ஒரே எண், அல்லது ஒரே எண் வரிசையாகத் திரும்புகிறது

சீடு போடும் வரி லூப்புக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்துக்கு ஆறு இதுதான். சி மொழியில் எஸ்ரேண்டுக்கு நேரத்தைக் கொடுப்பது வழக்கம். அந்த நேரம் நொடிக் கணக்கு. ஒரே நொடிக்குள் லூப் ஆயிரம் முறை சுற்றினால் ஆயிரம் முறையும் ஒரே கட்டின் முதல் டிக்கெட்தான் வரும். சீடு வரியை லூப்புக்கு மேலே ஏற்றுங்கள்.

சி-யில் எஸ்ரேண்டே கூப்பிடவில்லை என்றால், சீடு 1 கொடுத்த மாதிரி நடந்துகொள்ளும் என்பது அந்த மொழியின் விதி. தினமும் ஒரே எண் வரும்.

நான்கு வேலைப் பிரிவுகள் ஓட்டினேன், நான்கும் ஒரே முடிவு தருகிறது என்பது லினக்ஸில் வரும் புகார். தாய் புரோகிராம் தன்னை நகலெடுத்துக் குழந்தைப் புரோகிராமை உண்டாக்கும்போது (இதற்கு ஃபோர்க் என்று பெயர்) குழந்தைக்குக் கட்டும் அப்படியே நகலாகப் போகிறது. நம்பையின் பொதுக் கட்டு நகலாகவே இருக்கும், அதனால் நாலும் ஒரே எண். பைத்தானின் சொந்த ரேண்டம் 3.7-லிருந்து குழந்தை பிறந்ததும் புது சீடு எடுத்துக்கொள்கிறது. அதனால் ரேண்டமை நம்பி எழுதியவருக்குத் தலைகீழ்ப் புகார்: குழந்தைகளில் நாம் போட்ட சீடே காணோம். இரண்டுக்கும் மருந்து ஒன்று. நம்பையின் சீட்சீக்வென்ஸ் 42 என்று ஒன்று உண்டாக்கி, ஸ்பான் 4 என்று கேட்டால் நான்கு தனித்தனி சீடு தரும். ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

42, 43, 44, 45 என்று அடுத்தடுத்த எண்களைக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஜாவாவில் யூட்டில்.ரேண்டமுக்கு 0, 1, 2 என்று சீடு கொடுத்து முதல் தசம எண்ணைக் கேட்டுப் பாருங்கள். மூன்றும் 0.73-ல் தொடங்கும். நாலு தறியும் காலையில் ஒரே நேரத்தில் நூல் அறுந்த மாதிரி கணக்கு வந்தால் யார் நம்புவார்கள்?

சர்வரின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய இரண்டு மெஷின்கள் ஒரே எண் தருகின்றனவா? ஓடிக்கொண்டிருந்த புரோகிராமோடு சேர்த்துப் படம் பிடித்திருப்பார்கள். எழுந்தவுடன் புரோகிராமை நிறுத்தித் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். அது கடவுச்சொல், சாவி சம்பந்தப்பட்ட சர்வர் என்றால் நீங்கள் தொட வேண்டாம், நேராக அறிகுறி 6-க்குப் போங்கள்.

## அறிகுறி 3: என் லேப்டாப்பில் ஒன்று, கம்பெனி சர்வரில் இன்னொன்று

இரண்டு மெஷினிலும் மேலே சொன்ன ஐந்து நிமிடச் சோதனை. மூல எண்கள் ஒன்றாக இருந்து தேர்வு மட்டும் மாறினால், வெர்ஷன் எண்களை எழுதி ஒப்பிடுங்கள்.

ஆர் மொழியில் 3.6.0-இல், 2019-இல், சாம்பிள் கட்டளை எண்ணை எடுக்கும் விதத்தை மாற்றினார்கள். பழைய விதத்தில் சின்னச் சாய்வு இருந்தது. பழைய முடிவு வேண்டுமென்றால் ஆர்என்ஜிகைண்டில் சாம்பிள்.கைண்ட் என்பதற்கு ரவுண்டிங் கொடுங்கள். எச்சரிக்கை ஒன்று காட்டும், காட்டட்டும். பிஎச்பியில் எம்டி-ரேண்டில் இருந்த பிழையை 7.1-இல் திருத்தினார்கள், பழைய வரிசை வேண்டுமென்றால் அதற்கென்று தனி விருப்பம் இருக்கிறது. பைத்தானில் 3.2-இல் முழு எண் எடுக்கும் வழி மாறியது. பைத்தான் ஆவணம் உறுதி சொல்வது ரேண்டம்.ரேண்டம் தரும் தசம எண்ணுக்கு மட்டும். சாய்ஸ், ஷஃபிள், சாம்பிள் எதுவும் வருங்காலத்தில் மாறலாம். சி++-இல் எம்டி19937 எங்கும் ஒன்று, ஆனால் அதைச் சுற்றி இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் வகுப்புகள் ஒவ்வொரு கம்பைலரிலும் வேறு. விண்டோஸில் கம்பைல் செய்ததும் லினக்ஸில் கம்பைல் செய்ததும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

மலிவான தீர்வு, இரண்டு மெஷினிலும் ஒரே வெர்ஷன் போடுவது. அது முடியாத இடங்களில், மூலத் தசம எண்ணை மட்டும் வாங்கி, தேர்வு செய்யும் ஐந்தாறு வரியை நாமே எழுதிவிடலாம். நம் வரி நாம் மாற்றாமல் மாறாது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளருக்குக் காட்ட வேண்டிய பட்டியல் என்றால் சீடை மட்டும் நம்பாதீர்கள். தேர்வான பெட்டி எண்கள், சீடு, வெர்ஷன், தேர்வுக்கு உள்ளே போன முழுப் பெட்டிப் பட்டியல், நேரம் ஆகிய ஐந்தையும் அன்றைக்கே சேமித்து அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எந்த லேப்டாப்பில் எந்த வெர்ஷன் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி 4: நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால், நிற்காமல் ஓடியது போல் வருவதில்லை

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களுக்கு ஒரு கணக்கு தேவைப்படும்: இத்தனை தறிக்கு எத்தனை ஆள் போட்டால், நூல் அறுந்து தறி நிற்கும் நேரம் குறையும் என்று. ராத்திரி முழுக்க ஓடும் சிமுலேஷன். விடியற்காலையில் கரண்ட் போகும், யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் அணைந்துவிடும். பாதியில் சேமித்த இடத்திலிருந்து தொடர வேண்டும். தொடர்கிறது, எண்கள் வருகின்றன, ஆனால் தப்பு.

### சேமித்தது சீடா, ஸ்டேட்டா?

முதல் சந்தேகம் எப்போதும் இதுதான். சீடை மட்டும் சேமித்துத் திரும்பப் போட்டால் கட்டின் முதல் டிக்கெட்டிலிருந்து மறுபடி கிழிக்கும். நேற்று ராத்திரி முதல் மணி நேரத்தில் அறுந்த நூல்களே இன்று காலையும் அதே தறியில் அதே வரிசையில் அறுகின்றன. பிழைச் செய்தி வராது, கிராஃப் பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரே ராத்திரியை இரண்டு தடவை எண்ணி, ஆயிரம் மணி நேரம் ஓட்டினோம் என்று நினைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் உள்ள கோளாறுகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆள் கூலி, ஷிஃப்ட் எல்லாம் அந்தக் கணக்கை வைத்து முடிவாகிறது.

சோதனை எளிது. தொடர்ந்த பிறகு வரும் முதல் ஐந்து எண்களை, முதல் ஓட்டத்தின் முதல் ஐந்து எண்களோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் ஸ்டேட் திரும்பவில்லை. பைத்தானில் கெட்ஸ்டேட் எடுத்துச் சேமியுங்கள், செட்ஸ்டேட் கொண்டு திருப்புங்கள்.

### எந்த நொடியில் சேமிக்கிறீர்கள்?

ஸ்டேட் 500-ஆவது சுற்றின் தொடக்கத்தில் எடுத்தது, சுற்று எண் முடிவில் எழுதியது என்றால் ஒரு சுற்று தவறிவிடும், இல்லையென்றால் இரண்டு தடவை நடக்கும். சுற்று எண், தறிகளின் நிலை, ரேண்டம் ஸ்டேட் மூன்றையும் ஒரே இடத்தில், சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன், ஒரே ஃபைலில் எழுதுங்கள்.

### ஜேசன் ஃபைலில் போட்டு எடுத்தீர்களா?

"ஸ்டேட் வெக்டர் மஸ்ட் பி எ டியூப்பிள்" என்று பைத்தான் திட்டினால் பயப்பட வேண்டாம். கெட்ஸ்டேட் தருவது மூன்று பகுதி: 3 என்ற வெர்ஷன் எண், 625 முழு எண்கள் கொண்ட டியூப்பிள் (மாற்ற முடியாத பட்டியல்), கடைசியில் ஒரு 'நன்' அல்லது தசம எண். எழுத்தாகச் சேமிக்கும் ஜேசன் வடிவத்துக்கு டியூப்பிள் தெரியாது, லிஸ்டாக மாற்றிவிடும். திரும்ப எடுக்கும்போது நடுப்பகுதியை மட்டும் டியூப்பிளாக்கிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும்.

பைத்தானின் சொந்தச் சேமிப்பு வடிவமான பிக்கிள் ஃபைலில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெளியாள் அனுப்பிய பிக்கிள் ஃபைலை ஒருபோதும் திறக்காதீர்கள். திறக்கும்போதே அதற்குள் இருக்கும் கட்டளை ஓடிவிடும்.

### கடைசிப் பகுதியை விட்டுவிட்டீர்களா?

"625 நம்பர் இருக்குதுல்ல, போதும்" என்று நடுப்பகுதியை மட்டும் சேமிப்பவர்கள் உண்டு. காஸ் கட்டளை (சராசரியை ஒட்டி அதிகமாக விழும் எண்களைத் தருவது) எண்களை ஜோடியாகத் தயாரித்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கும். எடுத்து வைத்த எண்தான் அந்தக் கடைசிப் பகுதி. அதை விட்டால் சில சமயம் சரியாகத் தொடரும், சில சமயம் தொடராது. இரட்டைப்படை முறை கூப்பிட்ட பின் நிறுத்தினால் சரி, ஒற்றைப்படை முறைக்குப் பின் நிறுத்தினால் தப்பு. விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த 625-லும் 624 எண்கள் கட்டு, மீதி ஒன்று எந்த இடம் வரை கிழித்தோம் என்ற குறி. அந்த ஒன்றை விட்டாலும் வேலை கெட்டது. நம்பையின் பழைய முறையிலும் இதே போல் ஒரு மிச்ச எண் உண்டு.

### பெரிய எண் சிதைந்ததா?

நம்பையின் புதிய வழி பிசிஜி64 என்ற எஞ்சினைப் பயன்படுத்துகிறது. அதன் ஸ்டேட்டில் 128 பிட் முழு எண்கள் இருக்கும். அதை எக்ஸெல் வழியாக எடுத்துப் போனால் 15 இலக்கத்துக்கு மேல் சுழியமாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் போனால் இரண்டின் 53-ஆம் அடுக்குக்கு மேல் துல்லியம் போய்விடும். மேற்கோளுக்குள் எழுத்தாகச் சேமியுங்கள்.

### மற்றக் கட்டுகள் எங்கே?

பைடார்ச் மாடல் பழக்குபவர்கள் பைத்தான், நம்பை, பைடார்ச் சிபியு, ஒவ்வொரு ஜிபியுவும் என்று எல்லா ஸ்டேட்டையும் சேமிக்க வேண்டும். திருப்பும்போது "ஆர்என்ஜி ஸ்டேட் மஸ்ட் பி எ டார்ச்.பைட்டென்சர்" என்று வந்தால், செக்பாயின்ட்டை (பாதியில் சேமித்த ஃபைலை) மேப்-லொகேஷன் கொடுத்து நேராக ஜிபியுவுக்கு ஏற்றியிருக்கிறீர்கள். ஸ்டேட்டை மட்டும் சிபியுவுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். படங்களை முன்கூட்டியே எடுத்து வைக்கும் டேட்டாலோடர் பாதி சுற்றில் நின்றிருந்தால் அதைத் துல்லியமாகத் தொடர வைப்பது சிரமம். நான் சுற்று முடிவில் மட்டும் சேமிக்கச் சொல்வேன்.

### ஃபைல் பாதியில் அறுந்ததா?

எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் புதியதும் இல்லை, பழையதும் போச்சு. வேறு பெயரில் ஃபைல் எழுதி, ஃப்ளஷ், எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்கில் கொண்டு சேர்க்கும் கட்டளைகள்) இரண்டும் செய்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். முந்தினது ஒன்றையும் வைத்திருங்கள். சிமுலேஷன் மெஷினுக்கு யூபிஎஸ் பேட்டரி மாற்றுவது அடுத்த செலவு.

### எல்லாம் செய்தபின் ஒரு ஒத்திகை

ஸ்டேட் எடுங்கள். பத்து தசம எண், மூன்று காஸ் எண் எடுத்து எழுதுங்கள். புரோகிராமை முழுக்க மூடிவிட்டு, புதிதாகத் திறந்து, ஃபைலிலிருந்து ஸ்டேட்டைத் திருப்பி, அதே பதின்மூன்றையும் எடுங்கள். காஸ் மூன்று என்று ஒற்றைப்படையாகச் சொன்னது வேண்டுமென்றே. இதே சோதனையை, ஒரே ஒரு காஸ் எண் எடுத்த பிறகு சேமித்து இன்னொரு முறை செய்யுங்கள். கடைசி இலக்கம் வரை ஒத்தால்தான் தேர்ச்சி. பல சர்வரில் ஒரே வேலையைப் பிரித்து ஓட்டி, அதில் ஒன்று மட்டும் விழுந்து எழுந்த பின் ஒத்துப்போகவில்லை என்றால், இந்தத் துறையில் ஊறிய ஆளிடம் கொடுங்கள். நாமே தோண்டினால் வாரம் போகும்.

## அறிகுறி 5: எக்ஸெலில் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் பட்டியல் மாறுகிறது

ரேண்ட் ஃபார்முலா ஒவ்வொரு கணக்கீட்டிலும் புது எண் தரும், அதற்கு சீடு போடவும் வழி இல்லை. வந்த எண்களைக் காப்பி செய்து, வேல்யூஸ் மட்டும் பேஸ்ட் செய்து பூட்டுங்கள். திரும்ப எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் மேக்ரோ எழுத வேண்டும். அதில் ரேண்டமைஸ் 42 மட்டும் போட்டால் திரும்ப வராது. அதற்கு முந்தின வரியில் ஆர்என்டி மைனஸ் 1 கூப்பிட்டாக வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் திண்டாடியவர்கள் நிறைய.

## அறிகுறி 6: அடுத்து வரப்போகும் எண்ணை யாரோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்

ஓடிபி, கடவுச்சொல் மாற்றும் இணைப்பு, கூப்பன் எண். இவற்றுக்கு இதுவரை சொன்ன எந்தக் கட்டும் ஆகாது. எம்டி19937-இன் 32 பிட் வெளியீடு 624-ஐ வரிசையாகப் பார்த்தவர் அடுத்தது என்ன என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பைத்தானில் 3.6-லிருந்து சீக்ரெட்ஸ் என்ற லைப்ரரி இருக்கிறது, அதற்கு மாறுங்கள். அதற்கு சீடு போடவோ ஸ்டேட் சேமிக்கவோ முயல வேண்டாம்.

2006-லிருந்து 2008 மே வரை டெபியன் என்ற லினக்ஸ் வகையில், ரகசியச் சாவிகளை உண்டாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் பொட்டலத்தில், சீடுக்குள் கலக்கும் வரியைத் தவறுதலாக நீக்கிவிட்டதால், மாறும் பொருளாக மிஞ்சியது புரோசஸ் எண் மட்டும். 32,768 சாத்தியங்கள். அந்தக் காலத்தில் உண்டாக்கிய சாவிகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய ஆட்கள் கையிலேயே அது நடந்தது. உங்கள் ஓடிபியை யாரோ ஊகிக்கிறார் என்று தெரிந்தால் கோடை நீங்களே திருத்திக்கொண்டிருக்காதீர்கள். அந்தச் சேவையை நிறுத்துங்கள், லாகுகளை அழிக்காமல் எடுத்து வையுங்கள், அன்றைக்கே பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

தீபாவளிக்குத் தொழிலாளர்களுக்குக் குலுக்கல் நடத்துவதில் மட்டும் இரண்டும் வேண்டும்: யாரும் முன்கூட்டி ஊகிக்கக் கூடாது, பின்னால் யார் கேட்டாலும் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும். நான் செய்வது இது. பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தி, அச்செடுத்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு மேடையில் மூன்று பேருக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல், நான்கு இலக்க எண் எழுதச் சொல்வேன். தாள்களைப் பிரித்து மூன்றையும் அடுத்தடுத்து எழுதினால் வரும் பன்னிரண்டு இலக்கம்தான் சீடு. எல்லோரும் பார்க்கச் சாக்பீஸில் போர்டில் எழுதுவோம், பக்கத்திலேயே பைத்தான் வெர்ஷனையும் எழுதுவோம். போன தடவை கட்டிங் செக்‌ஷனில் ஒரு பையன் அதைப் போனில் படம் பிடித்துப் போய், வீட்டில் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து, "சரியாத்தானுங்ணா வருது" என்றான்.